ஓர்த்தீசாவின் மணிக்கூண்டும் என் முன்பல்லும்

எனக்கு முன்பல் ஏன் இல்லைன்னு கேக்குற வாயெல்லாம் ஒருக்கா இப்படி உக்காந்து கேட்டுக்கிடுங்க, கேட்டு முடிச்ச பிறகு அந்த வாயை மூடிக்கிடுங்க. பல் டாக்டர் வந்து புதுப்பல் கட்டித் தாரேன்னு சொல்லுதான், கொழுந்தன் பொண்டாட்டி வந்து போட்டோவுக்கு அசிங்கமா இருக்குக்கான்னு சொல்லுதா, உடன்குடி பஜார் முழுக்க வேற வேலை இல்லாம என் வாயைப் பாத்துத்தான் பொழுதைக் கழிக்குது. அசிங்கமாத்தான் இருக்கும். அசிங்கமா இருக்கட்டும்னுதான் விட்டு வச்சிருக்கேன். காரணம் சொல்லணும்னா கடல் தாண்டி ஓர்த்தீசாங்கிற ஊருக்குப் போகணும், அங்க கல்லுக் குவியலாக் கிடக்கிற மணிக்கூண்டுல இருந்து ஆரம்பிக்கணும், அந்த மணிக்கூண்டை விழ வச்சது நான்தாங்கிறதையும் முதல்லயே சொல்லிட்டாத்தான் நீங்க குறுக்கப் பேசாம இருப்பீங்க.

என் கண்ணு உங்களுக்குத் தெரியாதது இல்ல. நான் மனசார ஒண்ணை நல்லாருக்குன்னு சொன்னா அது நிக்காது. சின்னப் பிள்ளையில பக்கத்து வீட்டுப் பந்தல்ல தொங்கின பூசணிக்காயைப் பாத்து ‘என்னா லட்சணம்’னேன், அது அப்பவே ரெண்டாப் பிளந்து விதையெல்லாம் என் காலடியில சிந்துச்சு. கல்யாணமான புதுசுல அவுக மீசையைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டேன், அந்தத் தீவாளிக்குப் புஸ்வாணம் சீறி மீசை பொசுங்கிப் போச்சு, பிறகு அவுக சாகுற மட்டும் அந்த இடத்துல ஒத்த முடி முளைக்கல. அவுக செத்தது சக்கரை வியாதியில, அதுக்கும் என் கண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, எங்க கருப்பட்டி மண்டியில உக்காந்து அவுக தின்ன சரக்குக்குத்தான் சம்பந்தம். பேச்சுக்குப் புகழ்ந்தா ஒண்ணும் ஆகாது. கொழுந்தன் பொண்டாட்டி வைக்கிற மீன்குழம்பை நான் எத்தனையோ தடவை பிரமாதம்னு சொல்லியிருக்கேன், இதுவரைக்கும் ஒரு சட்டி உடையல. மனசுல இருந்து வரணும், அப்பத்தான் உடையும். அதனால மனசுல இருக்கிறது வாய்க்கு வந்துராமப் பாத்துக்கிடுறதே என் பொழப்பாப் போச்சு, எதைக் கண்டாலும் முதல்ல ஒரு வசவு, மத்தது பிறகுதான்.

எனக்கு ஒரே மக. அவளுக்குப் பிச்சைக்கனின்னு பேரு வச்சது நான்தான். பளபளன்னு ஒரு பேரை வச்சா ஊர்க் கண்ணெல்லாம் அதுமேல விழும், பிச்சை எடுத்த பிள்ளைன்னு இருந்தா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்கன்னுதான் வச்சேன். பள்ளிக்கூடத்துல முதல் மார்க்கு வாங்கிட்டு வந்து நிப்பா, ‘வேற எவளும் படிக்கலயாக்கும்’னு சொல்லுவேன். புதுப் பாவாடை கட்டி வந்து நிப்பா, ‘சோளக்கொல்லையில கொண்டு நிறுத்து, காக்கா வராது’ன்னு சொல்லுவேன். கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாப்பா, பிறகு உள்ள போயிருவா. அவ போன பிறகு நான் அந்த வாசலையே பாத்துக்கிட்டு, வாயில வந்ததை வெளிய விடாம, தாடை வலிக்கப் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பேன். அது அவளுக்குத் தெரியாது. கண்ணு, திருஷ்டி, எலுமிச்சம்பழம் எதுலயும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது, படிச்ச மூதி. பெத்தவளுக்குத் தன்னைப் பிடிக்கலன்னே நினைச்சுக்கிட்டு வளந்தா.

வளந்து படிச்சு என்ன வேலைக்குப் போனாங்கிறீங்க? புகழ்ற வேலைக்கு. ஓர்த்தீசாவுல டூரிஸ்ட் கைடு. ஒரு மஞ்சக் குடையை விரிச்சுத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, பின்னால ஒரு மந்தையை இழுத்துக்கிட்டு, தெருத் தெருவாப் போயி, இந்தக் கல்லு அற்புதம், அந்தக் கல்லு அதிசயம்னு வாய் ஓயாம நாலு பாஷையில சொல்லணும். அதுக்குச் சம்பளம். பேரையும் பீனான்னு மாத்திக்கிட்டா.

ஓர்த்தீசா இத்தாலிக்காரன் நாட்டுல தெக்குக் கோடியில, கடலுக்குள்ள துருத்திக்கிட்டு நிக்கிற ஒரு பாறையில ஒட்டின ஊரு. கிரேக்கன் ஒண்ணு கட்டினான், அதை இடிச்சு அதே கல்லுல ரோமாக்காரன் ஒண்ணு கட்டினான், அதை இடிச்சு அரபிக்காரன் ஒண்ணு கட்டினான், அவனை விரட்டிட்டு வந்தவன் சுவத்துல சுண்ணாம்பை மட்டும் அடிச்சு மேல ஒரு சிலுவையை நட்டான், இப்படி அடுத்தவன் கல்லைத் திருடித் திருடிக் கட்டின கூத்துக்கு அங்க சரித்திரம்னு பேரு. தெருவுல ரெண்டு பேரு எதிரெதிரே வந்தா ஒருத்தன் சுவத்துல பல்லி மாதிரி ஒட்டிக்கிடணும். வீட்டுக்கு வீடு மாடியில துணி காயுது. கடல்னு ஒண்ணு கிடக்கு, மத்தியதரைக் கடலாம், அலையே கிடையாது, அண்டாவுல ஊத்தி வச்ச நீலம் மாதிரி சும்மா கிடக்கு. எங்க திருச்செந்தூர்க் கடலும் ஒண்ணும் ஒசத்தி இல்ல, வெறும் உப்புத்தண்ணிதான், ஆனா அதுக்குக் கோவமாச்சும் வரும்.

அந்த ஊரு படகுக்காரன் ஒருத்தனை இவ கட்டிக்கிடப் போறான்னு போன் வந்துச்சு. “கல்யாணத்துக்கு நீ வரணும்மா. ஆனா இங்க ஒரு வழக்கம் இருக்கு. விருந்துல பொண்ணைப் பெத்தவ எந்திரிச்சு நின்னு, பொண்ணைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை பேசணும்”னா.

“பாப்போம்”னேன்.

“பாப்போம் இல்ல. நாலு வேண்டாம், ஒரே ஒரு நல்ல வார்த்தை. பிறந்ததுல இருந்து உங்கிட்ட நான் கேக்குறது அது ஒண்ணுதான். முடியாதுன்னா இப்பவே சொல்லிரு, நீ வராமலே இருந்துக்கோ. பிறகு என்னைக்கும் வர வேண்டாம்.” அழாமச் சொன்னா. அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

“டிக்கெட்டைப் போடுட்டி”ன்னேன். எப்படிப் பேசப் போறேன்னு தெரியாமத்தான் சொன்னேன். மத்த எதைப் பத்தியும் பேச்சுக்குப் புகழ என்னால முடியும், இவளைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை வந்தா அது பேச்சுக்கா வராதே. அடிவயித்துல இருந்துல்ல வரும். கல்யாண மேடையில என் பிள்ளைக்கு என்ன ஆகும்னு நினைச்சு நினைச்சு விமானத்துல கொடுத்த சோத்தை நான் தொடல. தொட்டிருந்தாலும் தின்ன முடியாது, அது சோறே இல்ல.

படகுத்துறையில மாப்பிள்ளை வந்து நின்னான். பேரு எத்தோரே. எனக்கு வாயில நுழையல, எட்டூருன்னே கூப்பிட்டேன். கால் கட்டைவிரல்ல பெரிய கட்டு. என்னட்டி கல்யாணத்துக்கு முன்னாடியே மாப்பிள்ளை நொண்டுதான்னு கேட்டா, “அது ஒண்ணுமில்லம்மா, துறையில நடந்து வந்துக்கிட்டிருந்தான், உன் நடை எனக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்லிக்கிட்டிருந்தேன், சொல்லி வாய் மூடல, நங்கூரத்துல போயி இடிச்சுக்கிட்டான், கவனம் கெட்ட பய”ங்கா. எனக்கு இருந்த அலுப்புல அதைக் காதுல போட்டுக்கிடல. அவன் படகைக் காட்டி என்னமோ பெருமையாக் கேட்டான். “இது படகா, பன்னித்தொட்டியா? இதுல ஏறுறவன் வீட்டுக்குச் சொல்லிட்டு வரணும்”னேன். பிச்சைக்கனி மூஞ்சி சுண்டிப் போச்சு, ஆனா கைடு புத்தி, கேட்டதை அப்படியே மாத்திச் சொல்லிட்டா. அவன் சிரிச்சான்.

மறுநாள் தன் மந்தையோட என்னையும் சேத்து ஊரைச் சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போனா. வட்டமாப் படி வெட்டின கிரேக்கன் நாடகக் கொட்டகையைக் காட்டினா, வெயில்ல உக்காந்தா பின்னால வெந்துரும், கூரை போடத் துப்பில்லாத பயலுகன்னேன். ஆலிவ் தோப்பைக் காட்டினா, முறுக்கிக்கிட்டு நிக்கிற மரம், காயைக் கடிச்சாக் கசப்பு, இதுக்கு வேப்பங்காயைத் தின்னலாம்னேன். ஊருக்கு வெளிய உப்பளத்தைக் காட்டினா, தூத்துக்குடி ஜில்லாக்காரிக்கு உப்பளத்தைக் காட்டுதா பாருங்க. எல்லாத்துக்கும் வசவு வச்சிருந்தேன், எல்லாம் நல்லபடியா நின்னுச்சு. சாயங்காலம் திரும்பி வந்து ஒரு சந்துல திரும்புதோம், எதிர்ல அந்த மணிக்கூண்டு. நடுவுல விரிசல், விரிசல்ல வேர் விட்டு ஒரு அத்திமரம், மரத்துல பழம், பழத்துக்குப் புறா, பின்னால கடல்ல மஞ்ச வெயிலு, எல்லாம் ஒரே நேரத்துல மூஞ்சிக்கு நேரா வந்து நின்னா மனுசி என்ன செய்வா? ‘அடி ஆத்தி, எம்புட்டு அழகு’ன்னு வாய் தானாச் சொல்லிருச்சு.

எத்தனையோ பூகம்பத்துக்கும் ரெண்டு உலகச் சண்டைக்கும் அசையாத மணிக்கூண்டு, வேலை முடிஞ்ச பொம்பள முட்டியைப் பிடிச்சுக்கிட்டுக் குத்த வச்சு உக்காருவாளே, அப்படி நிதானமா உக்காந்துச்சு. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. மணி மட்டும் உருண்டு போயி, கடலோரத்துல ஒருதரம் அடிச்சு நின்னுச்சு. புறாவெல்லாம் பறந்து வந்து மறுபடியும் அதே அத்திமரத்துல உக்காந்துச்சு, மரம் இப்ப தரையில நின்னுச்சு.

சதுக்கத்துல கறுப்பு உடுத்தின கிழவிக நாலஞ்சு பேரு இருந்தாளுக. இடிஞ்சதை அவளுக பாக்கல, என்னைப் பாத்தாளுக. ஒருத்தி பிச்சைக்கனியைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு, உங்கம்மா இப்ப என்ன சொன்னான்னு கேட்டா. அழகா இருக்குன்னு சொன்னாங்கன்னு இவ சொன்னா. அம்புட்டுத்தான், கிழவிக அத்தனை பேரும் ரெண்டு விரலைக் கொம்பு மாதிரி நீட்டித் தரையைப் பாத்துப் பிடிச்சாளுக, ஓஹோ அப்படியான்னு தலையாட்டிக்கிட்டாளுக, எந்திரிச்சு அடுப்பைப் பாக்கப் போயிட்டாளுக. அங்க திருஷ்டிக்கு அதுதான் காப்பு, அந்த ஊருக்காரனுக்கும் கண்ணேறு தெரியும். பாக்கப் போனா எங்க உடன்குடி மாதிரிதான், சட்டைதான் வேற. நம்பாம நின்னது என் மக மட்டும்தான். “பழைய கட்டடம்மா, விழுற நேரம் விழுந்துச்சு”ன்னா.

ரெண்டு நாள் கழிச்சு ஊரு மேயர் வந்தான். தொனாத்தோன்னு பேரு, தொந்தியை முன்னால விட்டுட்டுப் பின்னால வாரவன். ஊரோட அடையாளத்தையே நான் இடிச்சுட்டதா, கல்யாணத்துக்கு முன்னாடியே விமானத்துல ஏத்தி அனுப்பப் போறதாக் கத்தினான். கத்துனவன் பாதியில இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு மடிஞ்சான். சிறுநீரகத்துல கல்லாம், ஆஸ்பத்திரியில எடுத்த படத்தையும் கையிலயே வச்சிருந்தான், வலியில எனக்கு நேரா சன்னல் வெளிச்சத்துல தூக்கிக் காட்டி இதோட நான் பாடுபடுதேன்ங்கான். பாத்தேன். கறுப்புல வெள்ளையா, மூலை மூலையாப் பட்டை தீட்டி, உள்ளுக்குள்ள ஒரு மினுமினுப்பு. கருப்பட்டி மண்டிக்காரியாச்சே நான். “ஆத்தாடி, முதல் தரம் பனங்கல்கண்டுல்லா இது”ன்னுட்டேன். மேயர் முழிச்சான், கையை வயித்துல வச்சான், கொல்லைக்கு ஓடினான். திரும்பி வரும்போது மூஞ்சி குளிச்ச பிள்ளை மாதிரி இருந்துச்சு. கல்லு பொடியாப் போயிருச்சு. சாயங்காலமே ஒரு பெரிய பாலாடைக்கட்டியைக் கொண்டு வந்து என் காலடியில வச்சான், அதுல அடிச்ச நாத்தத்தை நான் என்னன்னு சொல்ல.

பிறகு ஊரு முழுக்க வாசல்ல வந்து நின்னுச்சு. மனுச ஜாதி எங்க போனாலும் ஒண்ணுதான், கடவுள் ஒருத்திக்கு ஒரு கேட்டைக் கொடுத்தா அதை அடுத்தவன் தலையில எப்படி ஏவலாம்னுதான் பாக்கும். பக்கத்து வீட்டுக்காரன் புதுக்காரைக் கொஞ்சம் புகழ்ந்துட்டுப் போங்கன்னு ஒருத்தி வந்தா. புருசன் வச்சிருக்கிறவளோட கூந்தலை ஒருதரம் பாத்துட்டு வாங்கன்னு இன்னொருத்தி வந்தா. போங்கட்டி, நான் கூலிக்குக் கண்ணு போட வரலன்னு விரட்டினேன். மேயரு மட்டும் மொத்த ஊருக்கும் சேத்து ஒண்ணு கேட்டான். கடலை மறைச்சுக்கிட்டு ஒரு ஓட்டல் நிக்கி, சட்டத்தை மீறிக் கட்டின சிமெண்டுப் பெட்டி, கோர்ட்டுக்குப் போயும் இடிக்க முடியல, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னான்.

போயிப் பாத்தேன். நல்லாருக்குன்னேன். அசையல. எப்படி அசையும், பாக்கும்போதே எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சே. எனக்குப் பிடிக்க வைக்கணும்னு ஊரே கிளம்பிருச்சு பாருங்க, அந்தக் கோமாளித்தனத்தை எங்க போயிச் சொல்ல! ஒருத்தன் சுவத்துக்கு ரோஸ் கலர் அடிச்சான், பொம்பளைக பூந்தொட்டி தூக்கினாளுக, பேண்டு வாத்தியம் வந்துச்சு, பாதிரியார் வந்து சீரியல் பல்பு மாட்டினாரு, இடிக்க வேண்டிய அசிங்கத்துக்குக் கல்யாணப் பொண்ணு மாதிரி அலங்காரம் பண்ணிட்டு என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நின்னுச்சுக. கடைசியில மூணாம் மாடிப் பால்கனியில, ஓட்டல்ல கூட்டித் துடைக்கிற பொம்பள யாரோ, வத்தல் மிளகாயைச் சரம் சரமாக் கோத்து வெயில்ல தொங்க விட்டிருந்தா. அது மட்டும் கண்ணுக்குப் பாங்கா இருக்கேன்னேன். அந்தப் பால்கனி மட்டும் தனியாக் கழண்டு, கீழ பூந்தொட்டி மேல விழுந்துச்சு. ஓட்டல்காரன் மறுநாளே அதுக்குக் கயித்தைக் கட்டி, உடைஞ்ச பால்கனி பாக்க வாங்கன்னு பலகை மாட்டிட்டான், முன்ன வந்ததை விடக் கூட்டம் கூட வந்துச்சு. அந்த டூரிஸ்ட் ஜென்மங்களைப் பத்தி நான் பேசவே மாட்டேன், பால்கனி விழுந்த இடத்துல ஒண்ணுமே இல்லாத ஓட்டையை நின்னு நின்னு போட்டோ எடுத்துச்சுக.

இதுக்கு நடுவுல எட்டூருக்கு என்ன ஆச்சுன்னா, நான் பன்னித்தொட்டின்னு சொன்ன படகுல அவன் போட்ட வலையெல்லாம் கிழியிற மாதிரி மீனு. மத்தவன் படகெல்லாம் காத்துல அல்லாடும், இவன் படகு மட்டும் தொட்டில் மாதிரி வரும். மீன்காரனுக மடையனுக இல்ல, கண்டுபிடிச்சுட்டானுக. இந்தப் பொம்பள வாயால வசவு வாங்கின பொருளை எந்தக் கண்ணும் தொடாதுன்னு துறை முழுக்கப் பேச்சு. விடிஞ்சா வரிசையா நிக்கானுக, திட்டுங்க தாயேன்னு. நான் என்ன கஞ்சப்படப் போறேனா? கூறுகெட்ட மூதின்னேன், வெளங்காத பயலேன்னேன், கோட்டிக்காரச் சவமேன்னேன், ஒவ்வொருத்தனும் தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சு வாங்கிக்கிட்டுப் போனான். கைப்பிள்ளைகளைத் தூக்கிட்டு வந்தாளுக, கருவாட்டு மூஞ்சின்னு சொல்லித் தூத்தூன்னு துப்பினேன், பெத்தவளுக என் கையைப் பிடிச்சு முத்தம் கொடுத்தாளுக. பாதிரியாரு கோயில் மாதா கன்னத்துல திருஷ்டிப் பொட்டு வைக்க என் கண்மைக் கூட்டைக் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. ஒரு வாரத்துல அந்த ஊரே மாறிப் போச்சு. காலையில எதிர்ல பாத்தா வணக்கத்துக்குப் பதிலா “மூதி”ங்கானுக, பதிலுக்கு அவன் “சவமே”ங்கான், ரெண்டு பேரும் சிரிச்சுட்டுப் போறானுக. ரொட்டிக்கடைக்காரி ரொட்டியைப் பொதிஞ்சு கொடுத்துட்டு ‘இது மண்ணாங்கட்டி, தின்னு தொலை’ங்கா. என் பாஷையை அவளுக வாயில போட்டுச் சவைச்சதைக் கேட்டா எனக்கே சிரிப்பு.

சிரிக்காதது ஒருத்திதான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் பிச்சைக்கனி குடையைச் சுருட்டி மூலையில எறிஞ்சா. “ஊரே உன் வாயிலருந்து வசவு வாங்கிட்டுச் சந்தோசமா இருக்கு. அவங்களுக்கு அது வேடிக்கை. நான் அதைத் தின்னுட்டு வளந்தவ”ன்னா.

“ஏட்டி, கண்ணுன்னு ஒண்ணு இருக்குட்டி. மணிக்கூண்டை நீயே பாத்தல்ல?”

“பாத்தேன். அந்தக் கல்லுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைச்சுது. மேயர் வயித்துக் கல்லுக்குக் கூடக் கிடைச்சுது. எனக்கு என்னம்மா கிடைச்சுது?” அப்படியே தரையில உக்காந்துட்டா. “விழுந்தா விழுந்துட்டுப் போறேன். உடைஞ்சா உடைஞ்சுட்டுப் போறேன். நாளைக்கு ஒண்ணு சொல்லு. இல்லன்னா நான் செத்தாலும் உனக்குச் சொல்லி விட மாட்டாங்க, அதை நான் எழுதியே வச்சிருவேன்.”

என் வாய்க்குள்ள அப்ப எத்தனை வார்த்தை நின்னுச்சுன்னு எனக்குத்தான் தெரியும். பல்லைக் கடிச்சேன். முன்பல் ஒண்ணு லேசா ஆடுச்சு. “மூக்கைச் சிந்துட்டி, பாக்கச் சகிக்கல”ன்னேன். அவ எந்திரிச்சுப் போயிட்டா.

கல்யாணம் நடந்துச்சு. அவ வெள்ளையில உடுத்தி வந்தா, நான் தரையைப் பாத்துக்கிட்டு நின்னேன், செருப்பைத் தவிர வேற ஒண்ணையும் அன்னைக்கு நான் பாக்கல. விருந்து படகுத்துறையில, வெயில்ல, நீள நீளமா மேசை போட்டு. தின்னுச்சுக, குடிச்சுதுக, பிறகு மேயரு கரண்டியால கிளாசைத் தட்டினான். எல்லாரும் என் பக்கம் திரும்பினாங்க. பொண்ணைப் பெத்தவ பேசணும். கிழவிக மேசைக்கு அடியில விரலைக் கொம்பாப் பிடிச்சுட்டாளுக, எட்டூரு எந்திரிச்சு அவளுக்கு முன்னால வந்து மறைச்சுக்கிட்டு நின்னான், அவ அவனைத் தள்ளி விட்டுட்டு எனக்குப் பக்கத்துல வந்து நின்னா. நான் பேசுறதை மாத்திச் சொல்ல அந்த ஊர்ல வேற யாரு இருக்கா? அவதான் சொல்லணும்.

“இவ பேரு பிச்சைக்கனி”ன்னு ஆரம்பிச்சேன். பீனா இல்ல, பிச்சைக்கனி. மாத்திச் சொன்னா. “இவளைக் கட்டிக்கிட்ட பாவப்பட்ட பயலே, எட்டூரு, ஏமாந்துட்டலே. இவளுக்கு ஒரு வேலையும் உருப்படியாத் தெரியாது. தோசை ஊத்தினா இலங்கை மேப்பு மாதிரி வரும். தூக்கத்துல வாய்ப்பாடு சொல்லுவா, அதுவும் பதிமூணாம் வாய்ப்பாடு, அதுவும் தப்பா.” சொன்னா, குரல்ல உயிரே இல்ல. ஊரு சந்தோசமாத் தலையாட்டுச்சு. “காய்ச்சல் வந்தா இவளுக்கு இடது காது மட்டும் சிவக்கும், உலகத்துல எவளுக்காச்சும் இப்படி ஒரு கோணக்காது உண்டா? அந்தக் காதுல ஈரத்துணியை வச்சா உறங்குவா, எடுத்தா முழிச்சுக்கிடுவா, சண்டாளி, விடிய விடிய ஒருத்தி கையைக் கட்டிப் போட்டுருவா. சிரிச்சா ஒரு கண்ணு சின்னதாப் போகும். தயிர்ச்சோத்தைக் குழிவெட்டி நடுவுல குழம்பை ஊத்தித் தின்பா, அசிங்கம் பிடிச்சவ, இன்னைக்கும் இந்த ஊருச் சோத்தைக் குழிவெட்டித்தான் தின்னுட்டு இருந்தா, நான் பாத்தேன்.”

மாத்திச் சொல்லிக்கிட்டே வந்தவளுக்கு அங்க குரலு கொஞ்சம் இடறுச்சு. கூட்டத்துல ஒரு கிழவி முந்தானை மாதிரி எதையோ எடுத்து மூக்கைத் துடைச்சா. பிறகு இன்னொருத்தி. வசவு ஏற ஏற துறை முழுக்க அழுகை ஏறுச்சு.

“மொதமொதல்ல இந்த ஊருக்குக் கிளம்பினாளே, மதுரை விமான நிலையத்துல, அன்னைக்கு ஒருதரம் திரும்பிப் பாத்தாளா இவ? பாக்கல. கல்நெஞ்சுக்காரி. பாத்திருந்தா மூணாந்தூணுக்குப் பின்னால நான் நின்னது தெரிஞ்சிருக்கும், கூறுகெட்ட மூதிக்கு.”

அவ மாத்திச் சொல்லல.

ஊரு காத்துக்கிட்டு இருந்துச்சு. அவ என்னைப் பாத்துத் தமிழ்ல கேட்டா. “நீ வரலன்னுல்லம்மா நான் இத்தனை வருசமா நினைச்சுக்கிட்டு இருக்கேன்.”

“வராம என்ன. உனக்கு முந்தியே வந்து நின்னேன். பக்கத்துல வந்தா இந்த வாய் என்ன சொல்லித் தொலைக்குமோ, நீ ஏறப்போறது விமானம்ட்டி, தரையில ஓடுற பஸ்ஸா?”

அவ அழுதா. அந்த அழுகைக்குள்ளயே சிரிப்பும் வந்துருச்சு, கண்ணு ஒண்ணு சின்னதாப் போச்சு. என் ரெண்டு கன்னத்தையும் பிடிச்சா. அவ ஆயிரம் கல்லைப் பாத்துச் சொன்ன நாலு பாஷையும் இல்லாம, அவ பெறந்த பாஷையில, “யம்மா, உன்னைய மாதிரி ஒரு அம்மா உலகத்துல யாருக்கும் வாய்க்க மாட்டா”ன்னா.

டக்குன்னு ஒரு சத்தம். துறையில அத்தனை பேருக்கும் கேட்டுச்சு. என் முன்பல் வேரோட கழண்டு மேசையில விழுந்து, ஒயின் கிளாசுல பட்டு, உருண்டு அவ தட்டுக்குப் பக்கத்துல நின்னுச்சு.

அப்பத்தான் எனக்கு மாப்பிள்ளையோட கட்டைவிரல் ஞாபகத்துக்கு வந்துச்சு. இவளுக்கும் என் கண்ணுதான். கூலிக்குப் புகழ்ந்துக்கிட்டே திரிஞ்சதால அது அவளுக்கே தெரியாமப் போச்சு. எட்டூரு தன் காலைக் குனிஞ்சு பாத்தான், கிழவிக ஓஹோன்னு தலையாட்டினாளுக, மேயரு இன்னொரு கிளாசை நிரப்பிக்கிட்டான். அந்த ஊரு அதையும் விழுங்கிருச்சு. என் மக மட்டும் ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு, என் வாயில ரத்தத்தையும் மேசையில பல்லையும் மாறி மாறிப் பாத்தா. அவ நம்பினது அந்த நிமிசத்துல இருந்துதான். எனக்கு வலியே தெரியல. சத்தியமாச் சொல்லுதேன், அவ்வளவு சந்தோசமா என் ஆயுசுல நான் இருந்தது இல்ல.

“இன்னொருக்கா சொல்லுட்டி”ன்னேன். “போனா இன்னொரு பல்லுதான?”

பொத்தின கையை எடுக்காம இல்ல இல்லன்னு தலையை ஆட்டினா. பிறகு கையை எடுத்தா. வார்த்தை தேடுதா, நாலு பாஷை தெரிஞ்ச பிள்ளைக்கு வார்த்தை வரமாட்டேங்குது. கடைசியில, “போ, கிழட்டு மூதி. மூஞ்சியைப் பாரு, சவம்”னா. சொல்லிட்டு என் தோள்ல சாஞ்சு அழுதா, ஊரு மேசையைத் தட்டித் தட்டி ஆர்ப்பாட்டம் பண்ணுச்சு.

இப்பவும் ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை போன் வரும். “என்ன, இன்னும் சாகலயா? அந்தக் கழுதைக் குரலைக் கொஞ்சம் காட்டு”ம்பா. “உன் எட்டூரு இன்னும் உன்னை விரட்டலயா, துப்புக்கெட்டவளே”ன்னு நான் கேப்பேன். மிச்சப் பல்லெல்லாம் பத்திரமா இருக்கு. அந்த ஒத்தப் பல்லு அங்கதான் கிடக்கு, மேயர் அதைக் கண்ணாடிப் பெட்டியில வச்சு மியூசியத்துல மாட்டப் பாத்தான், எட்டூரு பிடுங்கித் தன் படகு முனையில ஆணி வச்சு அடிச்சுட்டான்.

இந்த ஓட்டையைத்தான் நீங்க அடைக்கச் சொல்லுதீங்க. போயி உங்க வேலையைப் பாருங்க, மூதிகளா.